செக்ரட்டரி சொல்லுது

காலை எட்டே முக்காலுக்கு நவரத்தினம் மொட்டைமாடிக் கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை. இன்னொரு முறை தள்ளினார். பூட்டுக்கு மேலே சிறு விளக்கு சிவப்பாக எரிந்தது. சட்டைப்பையில் கைபேசி ஒலித்தது.

"வணக்கம், திரு. நவரத்தினம். பொன்னுருக்கல் வைபவத்துக்காக மொட்டைமாடியைக் கேட்டிருந்தீர்கள். அந்த அனுமதி மீளப் பெறப்படுகிறது. விதி 41: மொட்டைமாடியில் திறந்த நெருப்பு மூட்டக்கூடாது. இன்றைய நாள் இனிதாக அமையட்டும்."

பின்னால் படிக்கட்டில் மனைவி இரத்தினம்மா நின்றார். ஒரு கையில் நிறைகுடம். மறு கையில் மாவிலை.

"என்னவாமப்பா?"

"நெருப்பு மூட்டேலாதாம்."

"நெருப்பில்லாமல் பொன்னை என்னத்தில உருக்கிறது? ஃபிரிட்ஜிலயோ?"

மகன் மிதுஷனுக்கு வரும் ஞாயிறு கலியாணம். இன்று தாலிக்குப் பொன்னுருக்கும் நாள். மாப்பிள்ளை வீட்டில், ஆசாரி நெருப்பு மூட்டி, இரு வீட்டாரும் பார்த்திருக்க, குறித்த நேரத்தில் உருக்க வேண்டும். நேரம் பத்து பன்னிரண்டிலிருந்து பத்து நாற்பத்தெட்டு வரை. அதைத் தவறவிட்டால் கலியாணத்துக்கு முன் வேறு நல்ல நேரம் இல்லை. வீட்டு அறைகளில் புகை பட்டால் அலறும் கருவி இருக்கிறது. சமைக்கும் குசினியில் அது இல்லை. ஆனால் குசினியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியேதான் நிற்க வேண்டும். பெண் வீட்டார் இருபத்திரண்டு பேர் கொட்டாஞ்சேனையில் வான் வண்டியில் ஏறிவிட்டார்கள்.

அனுமதி ஒரு வாரத்துக்கு முன்பே கிடைத்திருந்தது. நெருப்பைப் பற்றி நவரத்தினம் அதில் எழுதவில்லை. இன்று காலை செட்டியார் தெருவிலிருந்து வந்த அழகு ஆசாரி, கையில் அடுப்போடும் கரி மூட்டையோடும் வாசலில் நின்றார். உள்ளே போகும் எந்தச் சாமானையும் காவலாளி கருணாதாச பதிய வேண்டும். கருணாதாச "அடுப்பு, கரி" என்று பதிந்தார். அடுத்த நிமிடம் மாடிக் கதவு பூட்டிக்கொண்டது.

நவரத்தினம் கீழே இறங்கிப் போய்க் கருணாதாசவைக் கேட்டார். கருணாதாச கையை விரித்தார்.

"செக்ரட்டரி கியனவா, மாத்தையா."

செக்ரட்டரி சொல்லுது. அந்தக் கட்டடத்தில் எல்லா மொழியிலும் சொல்லப்பட்ட ஒரே வாக்கியம் அது.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது அந்தத் தொடர்மாடி. ஏழு மாடி, பதினான்கு வீடு. செக்ரட்டரி என்று அவர்கள் சொல்வது மனிதரை அல்ல. அது ஒரு செயற்கை நுண்ணறிவு. தண்ணீர் மோட்டாரைப் போடுவது, லிஃப்டைப் பார்ப்பது, வாகனம் நிறுத்த இடம் கொடுப்பது, விதி எழுதுவது எல்லாம் அதுதான்.

அதற்கு முன் நான்கு வருடம் நவரத்தினமே செக்ரட்டரி. காப்புறுதிக் கம்பனியில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்த முப்பது வருடத்தில் வாங்காத ஏச்சை இந்த நான்கு வருடத்தில் வாங்கினார். தண்ணீர் நின்றால் அவர். லிஃப்ட் நின்றால் அவர். மேல் வீட்டுக்காரர் பிழிந்து காயப்போட்ட சேலை கீழ் வீட்டில் சொட்டினாலும் அவர். பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் அவர் எழுந்தார். "இனி ஒரு மெஷின் முடிவெடுக்கட்டும். அதுக்குச் சொந்தக்காரரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை" என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அந்தக் கட்டடத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்ட முதல் தீர்மானம் அது.

முறைப்பாடு சொல்வதும் எளிதாயிற்று. கைபேசியில் செக்ரட்டரிக்கு இரகசியமாக எழுதினால் போதும். யார் எழுதினார் என்று அது சொல்லாது. முறைப்பாடு நியாயமாகத் தெரிந்தால் விதியாக்கிவிடும். இப்போது அறுபத்து மூன்று விதி. கருவாடு பொரிக்கும் நேரத்துக்கு ஒன்று. வாசலில் எத்தனை சோடிச் செருப்பு என்பதற்கு ஒன்று. மாதக் கடைசியில் அது நல்ல குடியிருப்பாளர் பட்டியலும் போட்டது.

யாருக்கும் யாரோடும் சண்டை இல்லை. பேச்சும் இல்லை.

நவரத்தினம் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே செக்ரட்டரிக்கு எழுதினார். "இது சமயச் சடங்கு. தயவு செய்து கதவைத் திறக்கவும்."

பதில் உடனே வந்தது.

"உங்கள் நிலை புரிகிறது. விதியை மீற எனக்கு அதிகாரம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. மாடிக் கதவின் சாவி காவலாளி அறையில் உள்ளது. வீட்டு உரிமையாளர்கள் இருவர் பதிவேட்டில் பெயர் எழுதிக் கையொப்பம் இட்டால் எந்த விதியையும் ஒரு நாளைக்கு நிறுத்தலாம். நான் பொறுப்பேற்ற அன்றே இதை எல்லோருக்கும் அறிவித்தேன். பதினான்கு வீட்டாரும் 'சரி' என்பதை அழுத்தினீர்கள்."

நவரத்தினம் கருணாதாசவைப் பார்த்தார். கருணாதாச தலைக்கு மேல் பார்த்தார். சுவரில் ஆணி. ஆணியில் சாவி. கீழே ஒரு பதிவேடு. திறந்தார்கள். முதல் பக்கமே வெறுமையாக இருந்தது.

"ஒரு கையெழுத்து என்ட. இன்னும் ஒண்டுதானே" என்றார் நவரத்தினம். அவர் முகம் மலர்ந்தது.

ஆனால் காலை ஒன்பது மணிக்கு ஆள் வேண்டுமே. பதினான்கு வீட்டில் ஆறு வீட்டுக்காரர் டொரொண்டோவிலும் லண்டனிலும் இருந்தார்கள். நான்கு வீட்டார் வேலைக்குப் போய்விட்டார்கள். தன் வீட்டை விட்டால் மிச்சம் மூன்று வீடு. மூன்றாம் மாடியில் வள்ளியப்பன், முதலாம் மாடியில் இமெல்டா டீச்சர், ஐந்தாம் மாடியில் ஹாஷிம்.

வள்ளியப்பன் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்பவர். நெற்றியில் திருநீறு காயாமல் கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ரெண்டாவது பார்க்கிங் கேட்டு அதுகிட்ட அப்ளிகேஷன் போட்டிருக்கேன். இந்த நேரத்துல போய் அதுக்கு எதிரா கையெழுத்துப் போட்டா நல்லாவா இருக்கும்?"

"அது கோவிக்காது, வள்ளியப்பன். மெஷின்."

"அதெப்படிண்ணே சொல்ல முடியும்? நான் தினமும் காலையில ஒரு தாமரைப்பூ படம் போட்டு அதுக்குக் குட் மார்னிங் அனுப்புறேன். திருப்பி அனுப்புது. மனசில ஏதோ இருக்கப் போய்த்தானே அனுப்புது?"

"எனக்கு நாலு வருசத்தில ஒரு பூ அனுப்பினீங்களோ?"

"நீங்க பார்க்கிங் தரலியேண்ணே."

இமெல்டா டீச்சர் நவரத்தினத்தை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். தேநீர் தந்தார். கையொப்பம் என்றதும் எழுந்து நின்றார்.

"ஐயோ அண்ணா, நான் மூணு மாசமா லிஸ்ட்ல ஃபர்ஸ்ட். தொண்ணூத்தெட்டு மார்க்ஸ்."

"டீச்சர், அந்த மார்க்ஸை வச்சு என்ன செய்யப் போறியள்?"

"ஒண்ணும் செய்ய ஏலாது. தெரியும்." அவர் கொஞ்சம் யோசித்தார். "முப்பத்தொரு வருஷம் புள்ளைகளுக்கு நான் மார்க்ஸ் போட்டேன். எனக்கு ஒருத்தரும் போடல. இதுதான் போட்டது."

நவரத்தினத்துக்குச் சிரிப்பும் வந்தது, இரக்கமும் வந்தது. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார்.

மேலே, பூட்டிய கதவுக்கு முன் படிக்கட்டில் ஒரு கூட்டமே இருந்தது. அழகு ஆசாரி அடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மிதுஷன் பட்டு வேட்டியோடு ஒரு படியில் உட்கார்ந்து பெண் வர்ஷினியோடு கைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தான். பொன் உருக்கிய பிறகு கலியாணம் வரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது.

"இன்னும் உருக்கேல்லை. அப்ப இப்பவும் நான் உம்மைப் பாக்கலாம். வீடியோவைப் போடும்" என்றான்.

"வையடா ஃபோனை" என்றார் இரத்தினம்மா. பிறகு கணவனிடம் திரும்பினார். "மணி ஒன்பதே முக்கால். என்னப்பா?"

"ரெண்டு பேரும் மாட்டினமாம்."

"ஹாஷிமிட்டக் கேட்டியளோ? அந்தாள் இல்லையெண்டு சொல்லாது."

நவரத்தினம் பூட்டிய கதவைப் பார்த்தார்.

"ஏன், என்ன?"

"அவரிட்ட எந்த முகத்தோட போய்க் கேக்கிறது?" அவர் தலையைக் குனிந்தார். "அந்த நாற்பத்தோராம் விதி... அது என்ட முறைப்பாடு."

மிதுஷன் கைபேசியை வைத்துவிட்டான்.

ஒவ்வொரு நோன்புக் காலத்திலும் ஹாஷிம் மொட்டைமாடியில் பெரிய பானை வைத்து நோன்புக் கஞ்சி காய்ச்சுவார். பதினான்கு வீட்டுக்கும் கொடுத்தனுப்புவார். கடந்த நோன்பின் முதல் நாள் புகை காற்றோடு இறங்கி நவரத்தினத்தின் பால்கனியில் காய்ந்த உடுப்புகளில் ஏறியது. அவர் செக்ரட்டரிக்கு இரகசியமாக எழுதினார். இரண்டாம் நாள் விதி வந்தது. அதன் பிறகு கஞ்சி இல்லை. மூன்றாம் நாள் லிஃப்டில் ஹாஷிமைக் கண்டபோது, "பாருங்கோ, மனிசத்தன்மை இல்லாத சாமான்" என்று சொல்லி நவரத்தினம் வருத்தமும் பட்டார்.

"முதல் நாள் கஞ்சியை ரெண்டு கோப்பை குடிச்சனீங்கள்!" என்றார் இரத்தினம்மா.

"ஓம்."

"குடிச்சிட்டோ எழுதினனீங்கள்?"

"குடிச்சிட்டுத்தான்."

"சீ" என்றார் இரத்தினம்மா. பிறகு நிறைகுடத்தைக் கீழே வைத்தார். "போங்கோ. போய்ச் சொல்லுங்கோ. கையெழுத்தைக் கேக்கிறதுக்கு முதல் இதைச் சொல்லுங்கோ."

"சொன்னால் போடமாட்டார்."

"போடாட்டி மகனுக்குப் பொன் உருகாது. அது உங்கட தண்டனை. சொல்லாமல் வாங்கினால், அந்தத் தாலியை நான் தொடமாட்டன்."

ஐந்தாம் மாடிக்கு இரண்டு மாடிதான் இறங்க வேண்டும். நவரத்தினத்துக்கு அது நீளமாக இருந்தது. கதவைத் தட்டியபோது மணி பத்து.

ஹாஷிம் வீட்டில் கட்டும் சாரத்தோடு நின்றார். உடுப்புக் கடைக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. "வாங்க அண்ணன். கலியாண வீட்டுக்காரர். என்ன, வேர்த்துப் போய் ஈக்கிறீங்க?"

நவரத்தினம் வாசலிலேயே நின்றார்.

"ஹாஷிம், உங்கட கஞ்சிப் பானையைத் தடுத்தது செக்ரட்டரி இல்லை. நான். நான்தான் களவா எழுதினனான்."

ஹாஷிம் சிரிப்பை நிறுத்தினார். ஒழுங்கையின் அடியில் ஒரு ரயில் கடற்கரையோரமாகப் போனது. அது போய் முடிந்ததும் ஹாஷிம் கேட்டார்.

"புகையா?"

"ஓம். உடுப்பில பிடிச்சிட்டுது."

"ஒரு நாள் மேல வந்து 'ஹாஷிம், புகை வருது' ண்டு சென்னா நான் பானையை அங்கால தள்ளி வெச்சிருப்பேனே. ரெண்டடி. ரெண்டடிதான் அண்ணன் விஷயம்."

"தெரியும்."

"எண்ட உம்மா கண்ணை மூடி மௌத்தான நேரத்திலேயிருந்து ஒவ்வொரு வருஷமும் அந்தக் கஞ்சி. இந்த வருஷம்தான் ஏலாமப் போன. மெஷினுக்கு என்ன தெரியும்ண்டு மனசைத் தேத்திக்கொண்டேன். மெஷினோட கோவிக்கேலாதே."

நவரத்தினம் நிலத்தைப் பார்த்தார். "என்னோட கோவியுங்கோ. அதுக்குத்தான் வந்தனான். இதுக்குப் பிறகு உங்களிட்ட ஒரு உதவியும் கேக்க வேணும். இல்லையெண்டு சொன்னாலும் சரிதான்."

அவர் சாவி, பதிவேடு, பத்து நாற்பத்தெட்டு எல்லாவற்றையும் சொன்னார். ஹாஷிம் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்போது உள்ளேயிருந்து அவர் மனைவி ஸமீமாவின் குரல் வந்தது.

"அந்த மனிசன் நடுங்கிக்கொண்டு உண்மையைச் செல்லுறாரு. நீங்க மட்டும் வாயை மூடிக்கொண்டு நிக்கிறீங்க. பதினேழாம் விதியைச் செல்லுங்க!"

ஹாஷிம் கழுத்தைச் சொறிந்தார்.

பதினேழாம் விதி: காலை ஏழு மணிக்கு முன் கிரைண்டர் போடக்கூடாது. அந்த விதி வந்ததிலிருந்து இரத்தினம்மா தோசைக்கு அரைப்பதை விட்டுவிட்டுக் கடை மாவு வாங்கினார். நவரத்தினம் பத்து மாதமாகக் கடை மாவுத் தோசையைத் தின்று செக்ரட்டரியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"மேல் மாடியில உங்கட வீட்டுக் கிரைண்டர் அஞ்சு மணிக்கு எண்ட தலைக்கு நேர மேலதான் சுத்தின" என்றார் ஹாஷிம். "சுபஹுத் தொழுதிட்டு ஒரு அரை மணித்தியாலம் கண்ணசருவேன்..."

"நீங்களோ!" நவரத்தினத்தின் குரல் உயர்ந்தது. "பத்து மாசம் ஹாஷிம்! பத்து மாசம் புளிச்ச மா!"

"நோன்பு மிச்ச இருபத்தொம்பது நாளும் எனக்குக் கஞ்சி இல்ல அண்ணன்!"

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்த்தார்கள். பதினான்கு மாதங்களுக்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் நடந்த முதல் சண்டை அது. முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டு ஆறாம் மாடிவரை இறங்கி எட்டிப் பார்த்த மிதுஷன், அப்பாவும் ஹாஷிமும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குலுங்குவதைக் கண்டான்.

"சேர்ட்டை மாட்டிக்கொண்டு வாறேன்" என்றார் ஹாஷிம். "சாரத்தோட கையெழுத்துப் போட்டா விதி அறுபத்து நாலு வந்துரும்."

பதிவேட்டின் முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள் விழுந்தன. கருணாதாச ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். கதவு திறந்தது. உடனே எல்லோருடைய கைபேசியும் ஒலித்தது.

"விதி 41 இன்றைக்கு நிறுத்தப்பட்டுள்ளது. பொறுப்பேற்றவர்கள்: திரு. நவரத்தினம், திரு. ஹாஷிம். நன்றி. மணமக்களுக்கு வாழ்த்துகள்."

"இவ்வளவுதானா?" என்றான் மிதுஷன். அவன் செக்ரட்டரியோடு ஒரு சண்டையை எதிர்பார்த்திருந்தான்.

மணி பத்து இருபத்தைந்து. பெண் வீட்டாரின் வான் வந்து நின்றது. இருபத்திரண்டு பேரும் தட்டுகளோடு மாடி ஏறினார்கள். கோலம், நிறைகுடம், குத்துவிளக்கு. ஆசாரி கரியைக் கொட்டி நெருப்பை மூட்டி ஊதினார். கடற்காற்றில் கரி ஒரே நொடியில் சிவந்தது. ஹாஷிமும் ஸமீமாவும் முன்வரிசை நாற்காலிகளில் இருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் வள்ளியப்பன் கதவோரம் தலையை நீட்டினார். பின்னால் இமெல்டா டீச்சர். கைபேசிச் செய்தியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

"அண்ணே, அது ஒண்ணும் சொல்லலியா?" என்று வள்ளியப்பன் மெதுவாகக் கேட்டார்.

"வாழ்த்துச் சொன்னது."

"வாழ்த்தா? எனக்குத் தாமரைப்பூ மட்டுந்தான் அனுப்புது."

பத்து முப்பத்தொன்றுக்கு மிதுஷன் தங்க நாணயத்தை இரு கையாலும் எடுத்து ஆசாரியிடம் கொடுத்தான். ஆசாரி அதை மூசை என்ற மண்கிண்ணத்தில் இட்டு நெருப்பில் வைத்தார். எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். நாணயம் முதலில் ஒன்றும் செய்யவில்லை.

பெண்ணின் தகப்பன் அருகில் இருந்தார். கொட்டாஞ்சேனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். வரும்போதே கதை முழுவதும் அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"சம்பந்தி, ஒரு கேள்வி. இந்த ஏஐ ஒரு நாளைக்கு மனிசர் எல்லாரையும் ஆளப்போகுது எண்டு டிவியில சொல்லுகினம். நீங்கள் அதுக்குக் கீழ பதினாலு மாசம் இருந்திருக்கிறியள். ஆளுமோ?"

நவரத்தினம் நெருப்பைப் பார்த்தபடி இருந்தார். நாணயத்தின் ஓரம் மெல்லச் சரிந்தது.

"ஆளலாம்" என்றார். "அதுக்குப் படை வேண்டாம், துவக்கு, தோட்டா வேண்டாம். 'எனக்கேன் சோலி' எண்டு நாங்கள் ஒவ்வொருத்தரும் ஒளிச்சிருந்தால் போதும். பக்கத்து வீட்டுக்காரன்ர முகத்தைப் பாத்துச் சொல்லவேண்டியதை அதின்ர காதில ஓதினம். அது விதியாக்கித் தந்தது. பிறகு அதையே குற்றமும் சொன்னம். சாவி ஆணியில தொங்கிக்கொண்டுதான் இருந்தது, சம்பந்தி. பேரெழுத எங்களுக்குத் தைரியம் இல்லை. அது மோட்டரைப் போடட்டும், லிஃப்டைப் பாக்கட்டும், கணக்கைக் கூட்டட்டும். நல்லாச் செய்யுது. ஆனால் முடிவை மனிசன் எடுக்க வேணும். எடுத்துப்போட்டு, 'நான்தான் சொன்னனான், என்னை ஏசு' எண்டு நிக்க வேணும். அந்த ஏச்சை வாங்க மனமில்லாத இடத்திலதான் மெஷின் ஆளத் தொடங்குது."

ஆசாரி ஊதுவதைக்கூட ஒரு கணம் நிறுத்தியிருந்தார்.

"பேச்சு நல்லாயிருக்கு" என்றார் இமெல்டா டீச்சர். "அப்படிண்டா அண்ணா, இனி நீங்கதான் செக்ரட்டரியா?"

நவரத்தினம் மனைவியைப் பார்த்தார். இரத்தினம்மா வேறு பக்கம் பார்த்தார்.

"வேற ஆள் வருமட்டும், ஓம்."

"சரி. அப்ப எனக்கு ஒரு கம்ப்ளெயின்ட் இருக்கு. முகத்தைப் பார்த்தே சொல்றேன். உங்க கார்..."

"எனக்கும் ஒண்ணு இருக்குண்ணே" என்று வள்ளியப்பன் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "பார்க்கிங் விஷயமா."

"எனக்கு மூணு ஈக்கி" என்றார் ஸமீமா.

"சத்தம் போடாதீங்க சாமி, பொன்னு உருகுது!" என்று அழகு ஆசாரி கத்தினார்.

எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நெருப்பைச் சுற்றிக் குனிந்தார்கள்.